உப்பும் குப்பையும்: புத்தளக் கரையோரத்தில் உள்ளூராட்சி நிதியும் சமூக வாழ்வும்

ஒரு சிறு நகரத்தின் அன்றாட வாழ்வை அறிய முற்படுவோர் பெரும்பாலும் அந்நகரத்தின் பாடல்களையும் திருவிழாக்களையும் குடும்ப வழக்கங்களையுமே தேடிச் செல்வர். அங்குள்ள உள்ளூராட்சி மன்றம் ஆண்டுதோறும் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டத்தை எவரும் ஒரு நூலாக எடுத்து வாசிப்பதில்லை. ஆயினும், எவரிடமிருந்து பணம் பெறப்படுகிறது, எவருக்காக அது செலவிடப்படுகிறது, எவர் அந்த ஏட்டில் இடம்பெறாமலே போய்விடுகின்றனர் ஆகிய மூன்று வினாக்களுடன் அதனை அணுகுவோமாயின், வேறெந்த எழுத்தும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாத சமூக உறவுகளை அது காட்டி நிற்பதைக் காணலாம். சொல்லப்பட்டதைப் போலவே சொல்லாது விடப்பட்டதும் பொருளுடையது என்பது இலக்கிய மாணவருக்குப் புதிய செய்தியன்று. நகரசபைக் கணக்கேட்டைப் பற்றித் தமிழ் ஆய்விதழொன்றில் எழுதுவதற்கு இதுவே நியாயம்.

இக்கட்டுரை புத்தள மாவட்டத்தின் கரையோரத்தை எடுத்துக்கொள்கிறது. இங்கு உற்பத்தியாகும் செல்வத்தின் பெரும்பகுதி உள்ளூராட்சி மன்றத்தின் பெட்டிக்குள் வராமலே வெளியேறிவிடுகிறது. அவ்வுற்பத்தியின் கழிவும் சுமையும் மட்டும் இங்கேயே தங்கிவிடுகின்றன. இடையில் ஏற்படும் பள்ளத்தைப் பள்ளிவாசலும் தேவாலயமும் கோவிலும் நிரப்ப வேண்டியதாகிறது. இம்மூன்று நிலைமைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே இங்கு வாதிக்கப்படும் பொருள்.

நீர்கொழும்புக்கு வடக்கே தொடங்கி, சிலாபம், முந்தல், புத்தளம் எனச் சென்று, ஒருபுறம் கற்பிட்டிக் குடாநாடாகவும் மறுபுறம் வண்ணாத்திவில்லுக் காடுகளாகவும் பிரியும் நெடுங்கரை இது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை 762,396. மாவட்டம் முழுவதையும் நோக்கும்போது சிங்கள மக்களே பெரும்பான்மையினர். புத்தளம் நகரிலோ தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். கரையோர மீன்பிடிக் கிராமங்களிற் கத்தோலிக்கரும், உடப்பில் தமிழ் இந்துக்களும் செறிந்து வாழ்கின்றனர். 1344இல் இபுனு பதூதா வந்திறங்கிய பத்தாளா என்பது இந்தப் புத்தளமே. 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலை 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்தது கற்பிட்டியில். தமிழ்ப் புலவர் சரித்திரம் எழுதியவர் என்ற வகையிலேயே அவரை நாம் நினைவுகூருகிறோம். புத்தளத்தின் மணியகாரராகப் பணியாற்றியவரும், 1834இலேயே இலங்கையின் ஊர்களையும் விளைபொருள்களையும் அகரவரிசையிற் பதிந்து ஓர் இடவிளக்க நூலை ஆக்கியவரும் அவரே என்பதை நமது இலக்கிய வரலாறுகள் அடிக்குறிப்பாகவே விட்டுவிட்டன. ஊரின் பாட்டையும் ஊரின் வருமானத்தையும் ஒருவரே பதிவுசெய்யக் கூடிய காலமொன்று இருந்தது.

இக்கரையின் முதற் செல்வம் உப்பு. களப்பின் ஆழமின்மையும் நீண்ட வறட்சிக் காலமும் சேர்ந்து உப்பு விளைச்சலுக்கு ஏற்ற நிலத்தை இயற்கையாகவே அமைத்துத் தந்தன. கண்டி இராச்சியத்துக்கு உப்புச் சென்ற வழிகளுள் புத்தளமும் ஒன்று; ஆகவேதான் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டிக் களப்பின் வாயிலைத் தம் கட்டுப்பாட்டிற் கொண்டுவந்தனர். உப்பைப் பிடித்தவன் மலைநாட்டின் குரல்வளையைப் பிடித்தவனானான். ஆங்கிலேயர் இதனை ஒழுங்குபடுத்தப்பட்ட ஏகபோகமாக்கி, உற்பத்திச் செலவைக் காட்டிலும் பன்மடங்கு உயர்ந்த விலையில் உப்பை விற்று அரசிறைக்குப் பணம் சேர்த்தனர். இந்த ஏகபோகத்திற்கூட உள்ளூருக்குப் பங்கு கிடையாது என்பது மனங்கொள்ளத்தக்கது. பாத்தியில் நின்றவர் காலில் வெடிப்பும் கண்ணில் எரிச்சலும் தங்கின. வருமானம் கொழும்புக்குப் போயிற்று. பின்வந்த அரசுக் கூட்டுத்தாபனங்களும் தனியார் கம்பனிகளும் உடைமையின் பெயரை மாற்றினவேயன்றி இப்போக்கின் திசையை மாற்றவில்லை. அடாத மழையால் உப்பு விளைச்சல் பொய்த்து, கடல் சூழ்ந்த இந்நாடு 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்ய நேர்ந்தபோது, பாத்தியில் நாட்கூலிக்கு நிற்போரின் இழப்பு எந்தச் சபையின் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. பதிவதற்கு அங்கே தலைப்பே இல்லை.

உள்ளூராட்சி என்பது இலங்கையில் மக்கள் போராடிப் பெற்ற நிறுவனம் அன்று. 1865இல் மாநகர சபைகளுக்கும், 1871இற் கிராமச் சமுதாயங்களுக்கும், 1876இல் உள்ளூர்ச் சபைகளுக்குமென அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றப்பட்டபோது, குடியேற்ற அரசின் முதன்மை நோக்கம் தெருவுக்கும் துப்புரவுக்கும் நீர்ப்பாசனத்துக்கும் ஆகும் செலவை உள்ளூர் மக்களின் தலையிற் சுமத்துவதாகவே இருந்தது. 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டம் தேர்தலையும் அதிகாரத்தையும் ஓரளவு விரிவாக்கியது. எனினும், செலவு உள்ளூருக்கும் வருமானம் மேலிடத்துக்கும் எனும் ஆதி அமைப்பு மாறாது நிலைத்தது.

சுதந்திரத்தின் பின்னர் இந்நிலை மேலும் இறுகியது என்றே கூறவேண்டும். ஒரு காலத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் பல தாமே குடிநீர் வழங்கின. தாமே மின்சாரம் விநியோகித்தன. அதிலிருந்து ஒழுங்கான வருமானமும் பெற்றன. 1975இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை இயங்கத் தொடங்கியது. 1983இல் மன்றங்களின் மின் விநியோகத்தைக் கையேற்பதற்கென ஒரு கம்பனியே அமைக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தால் கிராம சபைகளும் பட்டின சபைகளும் மறைந்தன. அவற்றின் வெற்றிடத்தை நிரப்பப் பிரதேச சபைகள் வருவதற்கு 1987ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. திறமையின்மை, ஊழல் ஆகியன இம்மாற்றங்களுக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அக்காரணங்கள் முற்றிலும் பொய்யென்று கூறுவதற்கில்லை. ஆனால் வருமானந் தரும் பணிகள் மேலே போக, வருமானந் தராத வடிகாலும் குப்பையும் சந்தையும் தெருவிளக்கின் குமிழும் கீழே தங்கிய ஒழுங்கைத் திறமையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

எஞ்சிய வருமானங்கள் எவை? சோலைவரி என வழங்கும் மதிப்பீட்டு வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, அனுமதிப்பத்திரக் கட்டணம், மாகாண சபை வழியாக வரும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும், சம்பளத்துக்கான அரச மானியம் ஆகியனவே. இவற்றுள் வணிகத்தின் மீதான வரியை மட்டும் சற்று நின்று நோக்குவோம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் ஆண்டு வருவாயின் அடிப்படையிற் படிமுறையான ஓர் அட்டவணையை வகுத்தது. 6,000 ரூபாவுக்கு மேற்படாத வருவாய்க்கு வரியில்லை. 12,000 வரை 90 ரூபா. 18,750 வரை 180 ரூபா. 75,000 வரை 360 ரூபா. 150,000 வரை 1,200 ரூபா. அதற்கு மேற்படின் 3,000 ரூபா. அதற்குமேற் படி இல்லை. வருவாய் இரண்டு இலட்சமாயினும் இருநூறு கோடியாயினும் வரி அதே 3,000 ரூபாதான். ஏழைகளிடம் சிறிது சிறிதாக ஏறும் ஏணி, செல்வர் நிற்கும் இடத்துக்கு வந்ததும் திடீரெனக் கூரையாகிவிடுகிறது. பணவீக்கம் அக்கூரையை ஆண்டுதோறும் மேலும் தாழ்த்தியது; கற்பிட்டிச் சந்தியிற் கைத்தொலைபேசி திருத்துபவரும், குடாநாட்டு மரக்கறி முழுவதையும் பாரவூர்திகளில் ஏற்றி அனுப்பும் மொத்த வியாபாரியும் ஒரே படியில் வந்து நிற்க நேர்ந்தது.

இதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் உண்டு. சுற்றுலாச் சபையின் அங்கீகாரம் பெற்ற விடுதிகளிடமிருந்து முந்திய ஆண்டின் வருவாயில் நூற்றுக்கு ஒரு வீதத்தை அனுமதிப்பத்திரக் கட்டணமாக அறவிடலாம். அதாவது, வருவாயோடு சேர்ந்து வளரும் உள்ளூர் வரி சட்டத்துக்கு அந்நியமானதன்று. அதனை விடுதிக்கு ஏற்றவர்கள் ஏனைய பெருந்தொழில்களுக்கு ஏற்கவில்லை, அவ்வளவே. அங்கீகாரம் பெறாமலே நடத்தப்படும் விடுதிகள் இவ்விதிக்குள் வரா என்பதையும் கற்பிட்டிக் கடற்கரையில் நடந்து செல்வோர் கவனிக்கலாம்.

இந்தக் கூரைக்குக் கீழே எத்தகைய பொருளாதாரம் நடைபெறுகிறது என்பதைக் கண்டால் முரண்பாட்டின் அளவு விளங்கும். நுரைச்சோலையில் 2011இல் முதற் கட்டமும் 2014இல் முழுமையும் நிறைவுற்ற அனல்மின் நிலையம் 900 மெகாவாற் கொள்ளளவு உடையது. நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைப் பல ஆண்டுகளில் அதுவே தந்துள்ளது. நிலக்கரித் தூசும் சாம்பலும் தம் வீடுகளிலும் தோட்டங்களிலும் படிகின்றன எனச் சூழவுள்ள மக்கள் தொடர்ந்து முறையிட்டு வந்துள்ளனர். இங்கு விளையும் மின்சாரத்தை அலகுக் கணக்கில் அளக்கும் மானிகள் உண்டு; காற்றில் வரும் சாம்பலை அளந்து பிரதேச சபைக்கு ஈடு செலுத்தும் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் இல்லை. இறால் வளர்ப்பின் கதை இதனினும் சுருக்கமானது. 1980களிற் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே கண்டற்காடுகள் வெட்டப்பட்டுக் குளங்கள் வெட்டப்பட்டன. அந்நியச் செலாவணி குவிந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. முதலிட்டவர் பலர் போயினர். உவரேறிய குளங்கள் கிடந்தன.

பாலாவியின் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அருவக்காட்டிலிருந்து சுண்ணாம்புக்கல் புகையிரதத்தில் வருகிறது. கல்லை அகழ்ந்த இடத்திற் குழி எஞ்சும். 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டு தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பை மேடு சரிந்து 32 பேர் மாண்டனர். மாண்டவர்களும் ஏழைகளே. அத்துயரத்தின் பின்னர், தலைநகரின் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் வடக்கே கொண்டுவந்து அருவக்காட்டின் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் அகழ்விடத்தில் இடும் திட்டம் விரைவுபெற்றது. மேல் மாகாணத்தின் கழிவுக்கு வடமேல் மாகாணத்தின் ஓரம் இடமாயிற்று. கல் போன வழியிற் குப்பை வந்தது எனச் சொன்னால் அது அணியன்று, புவியியல்.

2018இன் பிற்பகுதியிலிருந்து புத்தளம் நகரில் நடந்த எதிர்ப்புப் போராட்டம் இக்கரையின் அண்மைக்காலச் சமூக நிகழ்வுகளுள் முதன்மையானது. சத்தியாக்கிரகப் பந்தலில் முஸ்லிம், சிங்கள, தமிழ் மக்கள் ஒன்றாக அமர்ந்தனர், பெண்கள் பெருமளவிற் பங்குகொண்டனர், கடைகள் அடைக்கப்பட்டன. இன அடிப்படையிலன்றி இடத்தின் அடிப்படையில் எழுந்த ஒற்றுமை என்ற வகையில் இது நுணுகி ஆராயத்தக்கது. 2019 ஏப்பிரலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும் அவற்றைத் தொடர்ந்து முஸ்லிம்களுக்கு எதிராகக் கிளறிவிடப்பட்ட வெறுப்பும் இத்தகைய ஒற்றுமைக்கு எவ்வளவு பாதகமான சூழலை உருவாக்கின என்பதை விரிக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ஓகஸ்ற்றிற் குப்பை வரத் தொடங்கியது. தமது மாவட்டத்துக்கு எது வரலாம், எது வரக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் புத்தளத்தின் எந்த உள்ளூராட்சி மன்றத்திடமும் இருக்கவில்லை என்பதை மக்கள் அன்று நேரிற் கண்டனர்.

சுமை வேறொரு திசையிலிருந்தும் வந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை அவர்தம் மண்ணிலிருந்து வெளியேற்றினர். சுமார் 75,000 பேருட் பெரும்பாலோர் புத்தளத்தை வந்தடைந்தனர். தமிழ்த் தேசியத்தின் வரலாற்றில் நியாயப்படுத்த முடியாத இச்செயலின் பொருளாதார விளைவைச் சுமந்தது, தன்னளவிலேயே வறிய ஒரு கரையோரம். முதல் வாரங்களில் வீடுகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன; உள்ளூர் மக்கள் காட்டிய பரிவு மறக்கத்தகாதது. மாதங்கள் ஆண்டுகளாகியபோது கிணறு, பாடசாலை இருக்கை, வைத்தியசாலைக் கட்டில், உப்பளத்துக் கூலி என ஒவ்வொன்றிலும் போட்டி மூண்டது. கூலிக்கு ஆள் பெருகியதால் கூலி தாழ்ந்தது; ஆதாயம் பெற்றவர் உப்பளத்தையும் வெங்காயத் தோட்டத்தையும் உடையவர்கள். ஆனால் உரசல் நிகழ்ந்ததோ ஊர்க்கூலிக்கும் அகதிக் கூலிக்கும் இடையில். இடம்பெயர்ந்தோர் பலர் நெடுங்காலம் வடக்கிலேயே வாக்காளராகப் பதியப்பட்டிருந்தனர்: குப்பை இங்கே, வாக்கு அங்கே. 2019 சனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற பேருந்துகள் வழியிற் சுடப்பட்டமை, இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும் இப்பிரிவு தீர்க்கப்படாதிருந்ததைக் காட்டியது.

இத்தனை சுமையையும் தாங்கியது எது? சபையின் எழுதப்பட்ட வரவு செலவுத் திட்டத்துக்கு அருகே எழுதப்படாத இன்னொன்று உண்டு. புத்தளம் நகரிற் பள்ளிவாசலைச் சூழ்ந்த ஸகாத்தும் சதக்காவும் மருத்துவச் செலவு, விதவையர் உதவி, மாணவர் கொடுப்பனவு எனப் பலவற்றை ஏற்கின்றன. மையவாடிகளைப் பராமரிப்பதும் பள்ளிவாசல்களே. கத்தோலிக்கக் கரையோரத்தில், குடியேற்ற அரசு மீன்வரியைக் கைவிட்ட பின்னரும், பிடிபட்ட மீனில் ஒரு பங்கு தேவாலயத்துக்கென ஒதுக்கப்பட்டு வந்தது. தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் திரளும்போது குடிநீரும் தங்குமிடமும் வழங்குவதிற் பெரும்பொறுப்பு ஆலயத்தையே சாரும். உடப்பில் திரௌபதையம்மன் ஆலய நிர்வாகம் நெடுங்காலம் ஊர் நிர்வாகமாகவே இயங்கியது. கரைவலை இழுப்போர் அம்பா பாடி வலையைக் கரைசேர்க்கையில், பாட்டின் தாளம் உழைப்பை ஒருங்கிணைப்பதுபோல, தீமிதிப்புத் திருவிழா ஊரின் பணத்தை ஒருங்கிணைத்தது. கரைவலையில் உழைப்பவருக்கும் சம்மாட்டிக்கும் பங்கு பிரிப்பதற்கு ஊரறிந்த முறை ஒன்று இருப்பதையும் இங்கு கருதவேண்டும். சபைக்குத் தெரியாத கணக்கு மணலிற் குந்தியிருப்போருக்குத் தெரியும்.

நாட்டார் வழக்காற்றாய்வாளர் இவற்றைக் கண்டு மகிழ்ந்து, சமுதாயத்தின் கூட்டுணர்வு எனப் போற்றி, அத்துடன் நின்றுவிடுவர். அது பாதி உண்மையே. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் எனக் கேட்டால், கூட்டுணர்வுக்குள்ளே வர்க்கம் உட்கார்ந்திருப்பது தெரியவரும். 3,000 ரூபாவுடன் வரியிலிருந்து விடுபடும் பெரும் வணிகர், அவ்வரியைப் போற் பன்மடங்கு பணத்தைத் திருவிழாவுக்கோ பள்ளிவாசலுக்கோ தாமே முன்வந்து அளிக்கிறார். பணம் ஒருவகையில் ஊருக்கே வருகிறது என்பது மெய்தான். ஆனால் வரியாக வந்திருப்பின் அது உரிமையாக விநியோகிக்கப்பட்டிருக்கும். கணக்குக் கேட்கவும் ஏழைக்கு இடமிருந்திருக்கும். கொடையாக வரும்போது பெறுபவர் நன்றியுடையவராகிறார். தேர்தல் வருகையில் அந்நன்றி வாக்காகவும் மாறுகிறது. நகர அரசியலில் குடும்பமும் செல்வமும் பெறும் முதன்மையை வெறும் நிலமானிய எச்சம் எனத் தள்ளிவிடாது, இந்த நிதியமைப்பின் வழியாக விளக்க வேண்டும் என்பதே என் கருத்து. மேலும், கொடை தன் சமயத்தின் எல்லையோடு நின்றுவிடும். பள்ளிவாசற் பணத்தால் உடப்புக்கு வடிகால் வராது, ஆலயப் பணத்தால் புத்தளத்து மேடை வீதி துப்புரவாகாது. வறுமையை இனவாரியாகப் பிரித்துப் பராமரிக்கும் ஒழுங்கொன்று எவரும் திட்டமிடாமலே உருவாகிவிடுகிறது. ஒருகாலத்தில் ஊரின் சுமையைச் சுமந்த கழுதைகள் இன்று புத்தளம் தெருக்களில் உடைமையாளரின்றி அலைகின்றன. அவற்றுக்கு எந்தச் சமயமும் பொறுப்பில்லை, ஆகவே அவை உள்ளூராட்சி மன்றத்தின் தலையில் விழுகின்றன.

இடதுசாரி இயக்கமும் இத்துறையிற் போதிய கவனஞ் செலுத்தவில்லை. கலாநிதி என். எம். பெரேரா 1954 முதல் 1956 வரை கொழும்பின் மேயராக இருந்தார். அவ்வனுபவம் சிறு நகரங்களுக்கான ஒரு நிதிக் கொள்கையாக விரிவடையவில்லை. அரசதிகாரத்தைக் கைப்பற்றிய பின் எல்லாம் சரியாகும் என்ற எதிர்பார்ப்பில் சோலைவரி அற்பமாகத் தோன்றியிருக்கக்கூடும். 1923இல் வியன்னா நகரசபை, ஹியூகோ பிறைற்னரின் நிதிப் பொறுப்பில், மாளிகைகளின் மீது கூடுதலாகவும் குடிசைகளின் மீது குறைவாகவும் வீடமைப்பு வரி விதித்து, 1934இற்குள் 60,000இற்கும் மேற்பட்ட தொழிலாளர் வீடுகளைக் கட்டியது. 1996இற் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியின் மூன்றிலொரு பங்குக்கும் மேலானதை உள்ளூராட்சிகளிடம் ஒப்படைத்தது. இரண்டிலும் குறைகள் உண்டு. இரண்டும் உள்ளூர் வரவு செலவை வர்க்கப் போராட்டத்தின் களமாகக் கண்டன.

நமது அனுபவம் எதிர்த்திசையிற் சென்றது. 2018இல் தெரிவான மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. மார்ச் 9ஆம் நாள் நடைபெறவிருந்த தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காமையால் நடைபெறவில்லை. இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவருமின்றி அதிகாரிகளே மன்றங்களை நடத்தினர். தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்ற் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. பணமில்லை என்பது இங்கு கணக்காளரின் கூற்றன்று, அரசியலின் கூற்று. அந்த இடைக்காலத்திலும் புத்தளத்திற் சந்தைக் குத்தகை தவறாது அறவிடப்பட்டது, அனுமதிப்பத்திரக் கட்டணம் தவறாது பெறப்பட்டது. எதற்காக என்று கேட்பதற்குச் சபையில் ஆளிருக்கவில்லை.

2025இல் தெரிவான மன்றங்களின் முன்னுள்ள வேலை சிறிய தாள் ஒன்றிலிருந்தே தொடங்கக்கூடும். வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுமுன் தமிழிலும் சிங்களத்திலும் சந்தையிலும் இறங்குதுறையிலும் பொது நூலகத்திலும் ஒட்டி வைக்கலாம். வணிக வரியின் உச்சப்படியை நீக்கி, விடுதிகளுக்கு உள்ள ஒரு வீத விதியைப் பெருந்தொழில்களுக்கும் விரிக்குமாறு ஒருமித்த தீர்மானம் இயற்றலாம். நுரைச்சோலையில் உற்பத்தியாகும் ஒவ்வோர் அலகுக்கும், அருவக்காட்டில் இறக்கப்படும் ஒவ்வொரு தொன்னுக்கும் கற்பிட்டி, வண்ணாத்திவில்லுப் பிரதேச சபைகளுக்கு ஒரு தொகை கோரலாம். இவற்றுக்குச் சட்டத்திருத்தம் வேண்டும். அதற்கான அதிகாரம் கொழும்பிலும் குருநாகலிலும் உள்ளது. 2018இற் பந்தலில் அமர்ந்தவர்கள் கேட்டது குப்பை வரக்கூடாது என்பதை மட்டுமே. எதைப் பெறவேண்டும் என்னும் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை.